எந்த ஊர் எறும்பு

அத்திபெலே

ஓசூரைத் தாண்டி அத்திபெலேயை நெருங்கும்போது எங்கள் பேருந்துக்கு முன்னால் ஒரு மினி லாரி போய்க்கொண்டிருந்தது. முழுக்க வாழைக்கன்று. கிழங்கோடு பிடுங்கி, ஒட்டிய மண் உதிராமல் நெட்டுக்குத்தாக அடுக்கிக் கயிற்றால் இறுக்கியிருந்தார்கள். இலைகள் காற்றில் கிழிந்து படபடத்தன. மறுநாள் ஆயுத பூஜை. சாலையோரம் நெடுகப் பூசணிக்காய்க் குவியலும் சாமந்தி மூட்டையும்தான். நத்தம் பக்கம் எங்கள் ஊரில் ஆயுத பூஜை என்றால் அரிவாள், மண்வெட்டி, சைக்கிள், மிஞ்சிப்போனால் ஒரு டிராக்டர். ஒரு படி பொரியில் கடலையும் நாட்டுச் சர்க்கரையும் கலந்தால் தெருவுக்கே போதும். இங்கே ஒவ்வொரு தொழிற்சாலையும் பொரியை மூட்டைக் கணக்கில் வாங்குகிறது.

பேருந்து நின்ற இடத்தில் தட்டே இட்லி கிடைத்தது. சாப்பாட்டுத் தட்டளவு அகலம், மேலே ஒரு உருண்டை வெண்ணெய், பக்கத்தில் பச்சை மிளகாய்ச் சட்னி. சாம்பார் கேட்டவனைக் கடைக்காரர் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார். வெல்லம் போட்ட சாம்பாருக்கு நாக்கைப் பழக்க ஒரு பிறவி வேண்டும். சட்னியோடு நிறுத்திக்கொண்டேன்.

பெங்களூருக்கு எறும்பு பார்க்கப் போகிறேன் என்று சொன்னபோது வீட்டில் சிரித்தார்கள். நம்ம சர்க்கரை டப்பாவில் இல்லாத எறும்பா? ஆனால் இந்தியாவில் எறும்புகளை முறையாகப் பார்த்து, பெயரிட்டு, எங்கெங்கே இருக்கின்றன என்று எழுதி வைக்கும் வேலை அதிகம் நடந்த நகரங்களில் பெங்களூர் ஒன்று. அக்கா மகன் பொம்மசந்திராவில் ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறான். தங்க இடம் இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

சந்தாபுரா

சந்தாபுராவில் நெரிசல். ஜன்னலைத் திறந்தால் ஏரி வாசம் வருகிறது. வாசம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். இந்த ஏரியைக் காப்பாற்றத் தவறியதற்காகத்தான் 2022 அக்டோபரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடக அரசை 500 கோடி ரூபாய் செலுத்தச் சொன்னது. சுற்றிலும் தொழிற்பேட்டை, அடுக்குமாடி, அவற்றின் கழிவு. எங்கள் கண்மாயில் தண்ணீர் இல்லை என்று புலம்புகிறோம். தண்ணீர் நிறைந்தும் ஒரு கை அள்ள முடியாத ஏரியைப் பார்த்தபோது எது தேவலை என்று தெரியவில்லை. வண்டி நகர்ந்தது. நல்லவேளை.

பொம்மசந்திரா

பொம்மசந்திராவில் இறங்கினால் முதலில் குழம்புவது எந்த மொழியில் பேசுவது என்பதுதான். நாராயணா மருத்துவமனை வளாகத்தை ஒட்டிய தெருக்களில் பலகைகள் வங்காளியில் இருக்கின்றன. கல்கத்தாவிலிருந்தும் டாக்காவிலிருந்தும் இதய சிகிச்சைக்கு வந்தவர்களின் உறவினர்கள் லுங்கியோடு மீன் குழம்புக் கடையில் உட்கார்ந்திருக்கிறார்கள். தொழிற்பேட்டைக்குள் நுழைந்தால் ஒடியாவும் இந்தியும். டீக்கடையில் தமிழ். கன்னடம் பேசுகிறவர் ஆட்டோவிலோ அரசு அலுவலகத்திலோ கிடைப்பார். பார்த்தவுடன் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: நீங்க எந்த ஊரு?

டீக்கடை அக்கா தர்மபுரிக்காரர். "திண்டுக்கல்லா? பூட்டு ஊரு" என்றார். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

அக்கா மகன் இரவு ஷிப்ட் முடித்து வந்து, தூங்காமல் என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினான். பூஜை முடிந்த மறுநாள் காலை. ஒவ்வொரு கேட்டுக்கு முன்னாலும் உடைத்த பூசணி, உள்ளே குங்குமம் கரைந்து சிவப்பாகச் சதை. லாரிச் சக்கரத்தில் நசுங்கிய எலுமிச்சை. தரையெங்கும் பொரி. மழை இரவே வந்து போயிருந்ததால் மண் இளகியிருந்தது.

எறும்புகளுக்கு அன்று தீபாவளி. ஒரு கேட்டின் ஓரத்தில், மண்ணில் வாய்க்கால் போல ஒரு தடம் வெட்டி, கொள்ளையெறும்புகள் பொரியை இழுத்துக்கொண்டிருந்தன. கரேபாரா டைவர்சா என்பது அதன் அறிவியல் பெயர். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்தான். ஆனால் சின்ன வேலைக்காரிக்கும் பெரிய வேலைக்காரிக்கும் எடையில் 500 மடங்கு வித்தியாசம். பெரியவளின் தலைமேல் இரண்டு மூன்று குட்டிகள் உட்கார்ந்து சவாரி போயின. அமெரிக்கரான மார்க் மொஃபெட் 1980களின் தொடக்கத்தில் இந்த எறும்பைத் தேடித்தான் பெங்களூருக்கு வந்து, சூளிகெரே கிராமத்தில் தங்கி, தரையோடு தரையாகப் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு கேட் தள்ளி, கம்பத்தில் கட்டிய வாழைக்கன்று ஒரே நாளில் வாடித் தொங்கியது. கிழங்கில் இன்னும் ஒரு கை மண். அதன் மட்டையிடுக்கிலிருந்து எறும்புகள் இறங்கிக்கொண்டிருந்தன. மெலிந்த உடம்பு, வெளிறிய மஞ்சள், பின்பகுதி மட்டும் கொஞ்சம் பழுப்பு. கால்களும் உணர்கொம்புகளும் உடம்புக்குப் பொருந்தாத நீளம். வரிசை கிடையாது. நாலு அடி ஓடி, நின்று, திரும்பி, வேறு பக்கம் ஓடி, மோதி, மறுபடி ஓடின.

"மாமா, இது நம்ம ஊரு எறும்புல்ல?" என்றான் அவன்.

அவன் முகம் மாறிவிட்டது. எங்களுக்கு இந்த எறும்பு விளையாட்டு இல்லை. எங்கள் பெரியம்மா வீடு கரந்தமலை அடிவாரம். 2022-ல் அந்தக் காட்டிலிருந்து மஞ்சள் எறும்புகள் இறங்கி ஏழு ஊர்களைப் படுத்திய கதை பத்திரிகைகளில் வந்தது. இது கடிப்பதோ கொட்டுவதோ இல்லை. வயிற்று நுனியிலிருந்து ஃபார்மிக் அமிலத்தைப் பீச்சும். படுத்திருக்கும் ஆட்டின் கண்ணில் ஆயிரம் எறும்பு பீச்சினால் ஆடு குருடாகும். கன்றுக்குட்டி, கோழிக்குஞ்சு எதுவும் தப்பவில்லை. காட்டில் பட்டி போட்டிருந்தவர்கள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு கீழே வந்துவிட்டார்கள். பெரியம்மா கட்டில் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்துத் தூங்கினார். சுவரில் கை வைத்தால் கையில் ஏறும், புடவையில் ஏறும். "இது எந்த ஊரு எறும்புடா, நான் பொறந்து பார்த்ததில்லையே" என்பார்.

அந்தக் கேள்விக்கு இன்றுவரை யாரிடமும் தீர்மானமான பதில் இல்லை. அதுதான் என்னை எறும்பு பின்னால் அலைய வைத்தது.

பெயர்க் கதை மட்டும் தெளிவாக இருக்கிறது. மதராஸ் ராணுவத்தில் மருத்துவராக இருந்த தாமஸ் கேவர்ஹில் ஜெர்டன், தென்னிந்தியப் பறவைகளை எழுதியவர் என்று நமக்குத் தெரியும். தலச்சேரியில் சிவில் சர்ஜனாக இருந்தவர். நெல்லூரிலும் நீலகிரியிலும் இருந்திருக்கிறார். போன இடமெல்லாம் எறும்பையும் பார்த்தார். 1851-ல் 'மதராஸ் ஜர்னல் ஆஃப் லிட்டரேச்சர் அண்ட் சயன்ஸ்' இதழில் தென்னிந்திய எறும்புகளின் பட்டியலை வெளியிட்டார். அதில் இந்த எறும்புக்கு அவர் சூட்டிய பெயர் ஃபார்மிகா லாங்கிப்பெஸ், நீண்ட கால்காரி. பொருத்தமான பெயர்தான். ஆனால் அதே பெயரை அதற்கு முன்பே வேறொரு எறும்புக்கு வைத்துவிட்டிருந்தார்கள். விலங்கியல் பெயர்ச் சட்டத்தில் ஒரு பெயர் இருவருக்குக் கிடையாது, முந்தியவருக்கே சொந்தம்.

ஆறு வருடம் கழித்து, ஆல்ஃபிரெட் ரஸ்ஸல் வாலஸ் சிங்கப்பூரில் பிடித்து அனுப்பிய பூச்சிகளுக்கு லண்டனில் உட்கார்ந்து பெயர் வைத்துக்கொண்டிருந்த ஃபிரெடெரிக் ஸ்மித் கையில் இதே எறும்பு வந்தது. 1857-ல் அவர் வைத்த பெயர் ஃபார்மிகா கிராசிலிப்பெஸ், மெல்லிய கால்காரி. ஜெர்டனின் பெயர் செல்லாது என்பதால் சட்டப்படி இதுதான் நிற்க வேண்டும். ஆனாலும் 1903-ல் பிங்ஹாம் தன் பெரிய நூலில் பிளாஜியோலெப்பிஸ் லாங்கிப்பெஸ் என்றே எழுதினார். பின்னால் பேரினம் மாறி அனோப்லோலெப்பிஸ் ஆனது. லாங்கிப்பெஸ் 1990கள் வரை பல கட்டுரைகளில் வந்துகொண்டிருந்தது. இன்று ஏற்கப்பட்டிருப்பது அனோப்லோலெப்பிஸ் கிராசிலிப்பெஸ். தென்னிந்தியாவில் முதலில் எழுதப்பட்ட எறும்பின் பெயருக்குச் சிங்கப்பூர் எறும்பு முகவரியாகிவிட்டது.

குழப்பம் இன்னொரு இடத்தில்தான். அனோப்லோலெப்பிஸ் பேரினத்தின் மற்ற இனங்கள் பெரும்பாலும் ஆப்பிரிக்காவில் இருக்கின்றன. அப்படியானால் இதுவும் அங்கிருந்து கப்பலேறி வந்ததா? தெற்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் காடு மேடு எல்லாம் இருக்கிறதே, அப்படியானால் இங்கேதான் பிறந்ததா? ஜேம்ஸ் வெட்டரர் 2005-ல் உலகெங்குமிருந்து கிடைத்த பதிவுகளைத் திரட்டி இதன் பரவலை எழுதினார். இந்தியப் பெருங்கடல் தீவுகள், பசிபிக் தீவுகள், வடக்கு ஆஸ்திரேலியா என்று நீள்கிறது. ஆசியா பக்கம் சாய்கிறவர்கள் இன்று அதிகம். எந்த ஊர் என்று கைவைத்துக் காட்டத்தான் ஆளில்லை.

வாழைக்கன்றைக் காட்டி, இது எங்கிருந்து வந்தது என்று கேட்டில் நின்ற காவலரிடம் கேட்டேன். ஒடிசாவின் மயூர்பஞ்சுக்காரர். அவருக்குக் கன்றின் ஊர் தெரியவில்லை. எறும்பைப் பார்த்ததும் உற்சாகமாகிவிட்டார். இது உதவாது என்று தலையாட்டி, தன் ஊர் எறும்பைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். மாமரத்தில் இலைகளைத் தைத்துக் கூடு கட்டுமே, நாம் முசுறு என்போம், அது. கூட்டோடு பறித்து, தண்ணீரில் போட்டு, உப்பு, இஞ்சி, பூண்டு, மிளகாய் வைத்து அம்மியில் அரைப்பார்களாம். அந்தச் சிமிலிபால் காய் சட்னிக்கு 2024 ஜனவரியில் புவிசார் குறியீடு கிடைத்ததை அவர் அறிந்திருந்தார். "எங்க ஊர் எறும்புக்கு சர்டிஃபிகேட் இருக்கு" என்று இந்தியில் சொல்லிச் சிரித்தார். ஒரு எறும்புக்கு ஊர் உண்டு என்று அரசாங்கம் எழுதிக்கொடுத்தது அநேகமாக இது ஒன்றுதான்.

அக்கா மகன் பட்டறையில் கொடுத்த கை சுத்திகரிப்பான் பாட்டிலை வைத்திருந்தான். கோவிட் காலத்துப் பழக்கம். அதிலிருந்து ஒரு மூடி ஸ்பிரிட்டைக் காலி மாத்திரைக் குப்பியில் ஊற்றி, மட்டையிடுக்கில் ஈரத் துணியை வைத்து எடுத்து உதறினோம். ஏழெட்டு எறும்பு விழுந்தது. இரண்டு என் மணிக்கட்டில் ஏறி ஓடின. வலி ஒன்றும் இல்லை. லேசாகப் புளித்த வாடை.

ஏன் அங்கே ஊரையே காலி செய்யும் எறும்பு இங்கே ஒரு வாழைக்கன்றோடு அடங்கிக் கிடக்கிறது? டீக்கடைக்குத் திரும்பும் வழியெல்லாம் அதையே பேசினோம். இந்த எறும்புக்கு முக்கியமான சாப்பாடு இனிப்பு. செடியில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் செதில் பூச்சி, மாவுப்பூச்சி, அசுவினி இவை கழிக்கும் தேன் திரவத்தை மாடு மேய்ப்பது போல மேய்த்துக் குடிக்கிறது. பதிலுக்கு அந்தப் பூச்சிகளைக் காவல் காக்கிறது. இனிப்பு கொட்டிக் கிடந்தால் கூட்டம் பெருகும். கூட்டில் ராணிகள் பல. ஒரு ராணி சில வேலைக்காரிகளோடு நடந்தே பக்கத்தில் புதுக் கூடு போடும். பழைய கூட்டோடு சண்டை கிடையாது. இப்படிக் கூடு கூடாக இணைந்து பெரிய சாம்ராஜ்யம் ஆகிவிடும்.

ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான கிறிஸ்மஸ் தீவில் நடந்தது அதுதான். 1915-க்கும் 1934-க்கும் இடையில் வந்து சேர்ந்த எறும்பு பல பத்தாண்டுகள் சும்மா இருந்தது. 1989-ல் பெருங்கூட்டங்கள் கண்ணில் பட்டன. பிறகு அந்தத் தீவின் சிவப்பு நண்டுகள் கோடிக்கணக்கில் செத்தன. நண்டு இல்லாத காட்டில் தரையெல்லாம் நாற்று மண்டியது. விஷம் தூவிப் பார்த்தும் தீராமல், 2016 டிசம்பரில் மலேசியாவிலிருந்து ஒரு நுண்குளவியைக் கொண்டுபோய் விட்டார்கள். அது எறும்பைத் தொடாது. எறும்புக்கு இனிப்புக் கொடுக்கும் செதில் பூச்சிக்குள் முட்டையிடும். மாட்டைக் கொன்றால் மேய்ப்பவன் கிளம்புவான் என்ற கணக்கு. இதே எறும்பைப் பப்புவா நியூகினியில் கோகோ மரத்து வண்டுகளை விரட்டக் காவலுக்கு வைத்த காலமும் உண்டு. ஆக, கெட்டது நல்லது என்பது எறும்பிடம் மட்டும் இல்லை.

மதியம் டீக்கடை அக்காவே ராகி முத்தே சாப்பிடும் இடத்தைக் காட்டினார். மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும் என்று பக்கத்து மேசைக்காரர் கன்னடத்தில் கற்பித்தார். கீரையும் பயறும் வேகவைத்த நீரில் செய்த பஸ்ஸாரு தொட்டுக்கொள்ள. எங்கள் ஊர்க் கேப்பைக் களியின் அண்ணன்தான். ஆனால் குழம்பு நாகரிகமானது. இரண்டாவது உருண்டை கேட்டதும் எனக்கு அந்த மேசையில் குடியுரிமை கிடைத்துவிட்டது.

ராகிஹள்ளி

பொம்மசந்திராவிலிருந்து ஜிகணி வழியாக மேற்கே போனால் கல்குவாரிகள் முடிகிற இடத்தில் பன்னேருகட்டா காடு தொடங்குகிறது. ராகிஹள்ளிப் பக்கம் இளங்காலையில் போனோம். யானை வந்தால் என்ன செய்வது என்று அக்கா மகன் மூன்று தடவை கேட்டான். வரவில்லை.

நான் தேடிப் போனது ஜெர்டனின் அதே பட்டியலில் இருக்கும் இன்னொரு எறும்பை. ஹார்பெக்னாதோஸ் சால்டேட்டர். அரிவாள் தாடைக்காரி, குதிப்பவள். இந்தப் பெயர் 1851-ல் வைத்தது வைத்தபடி நிற்கிறது. 1858-ல் ஸ்மித் இதே வகைக்கு டிரெபனோநேத்தஸ் என்று புதிதாக ஒரு பேரினப் பெயர் வைத்தார். இந்த முறை ஜெர்டன் முந்திக்கொண்டதால் ஸ்மித்தின் பெயர் விழுந்தது. நமக்கு அதில் ஒரு சின்ன சந்தோஷம்.

சருகு விரித்த வண்டித் தடத்தில் அரை மணி நேரம் குந்தியிருந்தபின் ஒன்று வந்தது. ஒண்டியாக. கட்டெறும்பைவிட நீளம், செம்பழுப்பு. முகத்தில் பாதி கண்தான். தாடைகள் இரண்டும் மேல்நோக்கி வளைந்து, ஓரத்தில் ரம்பப் பல். சாதாரண எறும்பு தரையை முகர்ந்துகொண்டே போகும். இது தலை தூக்கிப் பார்த்தது. நான் கையை அசைத்தேன், முகம் என் பக்கம் திரும்பியது. எறும்பு நம்மைப் பார்க்கிறது என்று தெரிவது சங்கடமான அனுபவம். பென்சில் நுனியை அருகில் கொண்டுபோனதும் இருந்த இடத்தில் காணோம். ஒரு சாண் தூரத்துக்குக் கொஞ்சம் குறைவாக, வேறு சருகின் மேல் நின்றது.

இந்தக் குதியலைப் பற்றி பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் முஸ்தக் அலி வெளிநாட்டு ஆய்வாளர்கள் இருவரோடு சேர்ந்து 1992-ல் எழுதினார். இரை பிடிக்கக் குதிக்கும், தப்பிக்கக் குதிக்கும், சில சமயம் பல எறும்புகள் கூட்டமாகவும் குதிக்கும். வெயில் ஏறுவதற்குள் வேட்டையை முடித்துக்கொள்ளும் பழக்கத்தைச் சிவசங்கர், ஷரத்சந்திரா, வீரேஷ் மூவரும் 1989-லேயே எழுதிவிட்டார்கள்.

கூட்டுக்குள் நடப்பது இன்னும் விசேஷம். ராணி செத்தால் வேலைக்காரிகள் உணர்கொம்பால் ஒருத்தியை ஒருத்தி அடித்துப் போட்டி போடுவார்கள். அது நாற்பது நாள் வரைகூட நீளும். ஜெயித்தவர்களின் சூலகம் பெருக்கிறது, மூளை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்குகிறது, ஏழு மாதம் வாழ வேண்டியவள் நாலு வருடம் வாழ்கிறாள். அவளைக் கூட்டிலிருந்து பிரித்து மறுபடி வேலைக்கு விட்டால் மூளை பழைய அளவுக்கு வளர்கிறது என்பதை 2021-ல் கண்டார்கள். 2010-ல் உலகில் முதன்முதலாக முழு மரபணுத் தொகுதி படிக்கப்பட்ட இரண்டு எறும்புகளில் இதுவும் ஒன்று. வெளிநாட்டு ஆய்வகங்களுக்கு இதன் கூடுகள் போன பழைய இடம் ஜோக் அருவிப் பக்கம். அமெரிக்காவில் கண்ணாடிப் பெட்டிக்குள் வாழ்கிறவற்றின் பூர்வீகம் ஷிமோகா ஜில்லா.

ஏழு மணிக்கு மேல் இன்னொன்றும் கண்ணில் படவில்லை. திரும்பும் வழியில் ஒரு பெரியவர் மாட்டோடு நின்று, ஏன் மண்ணைப் பார்த்துக்கொண்டு போகிறோம் என்று கேட்டார். எறும்பு என்பதைக் கன்னடத்தில் "இருவே" என்றேன். "இருவேயா?" என்று மாட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் போனார்.

மஞ்சள் தடம்

பொம்மசந்திராதான் மெட்ரோவின் மஞ்சள் தடத்துக்குக் கடைசி நிலையம். 2025 ஆகஸ்ட் 10-ல் திறந்தார்கள். ஆர்.வி. ரோடு வரை 19.15 கிலோமீட்டர், 16 நிலையங்கள். முன்பு சில்க் போர்டு சந்திப்பைக் கடக்க ஒரு தூக்கம் போடலாம் என்பார்கள். இப்போது ரயில் அதற்கு மேலே, கார்கள் ஓடும் பாலத்துக்கும் மேலே போகிறது. ஜன்னலில் ஹெப்பகோடி, எலக்ட்ரானிக் சிட்டியின் கண்ணாடிக் கட்டிடங்கள், நடுநடுவே ஒரு தென்னந்தோப்பு, ஒரு கோயில் கோபுரம், மறுபடி கண்ணாடி. எதிரே உட்கார்ந்த பெண் மடியில் ரோஜாத் தொட்டி ஒன்றைச் சாக்குப் பையில் வைத்திருந்தார். வேர் மண் ஈரமாக இருந்தது. என் சட்டைப் பையில் குப்பி. பெரியம்மா கேட்ட கேள்விக்கு விடை சொல்ல யாராவது நினைத்தால் முதலில் அந்தத் தொட்டி போன்றவற்றைத்தான் சோதிக்க வேண்டும். எறும்பு தானாக நடந்து கடல் தாண்டுவதில்லை. நாற்று, மரக்கட்டை, சரக்குப் பெட்டி, மண் என்று நாம்தான் சுமக்கிறோம்.

இந்திய அறிவியல் கழகம்

ஆர்.வி. ரோட்டில் பச்சைத் தடத்துக்கு மாறி யஷ்வந்த்பூரில் இறங்கினால் இந்திய அறிவியல் கழகம் நடக்கிற தூரம். உள்ளூர்க்காரர்களுக்கு இன்றும் அது டாடா இன்ஸ்டிட்யூட்தான். நகரத்தின் இரைச்சலுக்கு நடுவே பெரிய மரங்கள், நிழல், சருகு. இங்கே சூழலியல் மையத்தில் வேலை பார்த்த திரேசியம்மா வர்கீஸ் வளாகத்து எறும்புகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டவர். 2006-ல் 'ஓரியண்டல் இன்செக்ட்ஸ்' இதழில் இந்தியாவிலிருந்து ஒரு புதிய எறும்பை விவரித்தார்: டைலோபோகாண்டைலா பேங்களோரிகா. மரத்தில் குடியிருக்கும், ஆரவாரமில்லாத எறும்பு. அறிவியல் பெயரிலேயே நகரத்தின் பெயர்.

நான் அதைப் பார்க்கவில்லை. மரமரமாக அண்ணாந்து கழுத்து வலித்ததுதான் மிச்சம். ஆனால் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தபோது ஒன்று புரிந்தது. அந்த எறும்பு இந்த மதிலுக்குள் மட்டும் பிறந்திருக்கும் என்பதற்கு ஒரு நியாயமும் இல்லை. மதிலுக்குள் அதைப் பார்க்கத் தெரிந்த ஒருவர் இருந்தார், அவ்வளவுதான். ஜெர்டன் வேலைக்குப் போன ஊர்களில் ஜெர்டனின் எறும்புகள் இருக்கின்றன. வாலஸ் சிங்கப்பூரில் தங்கியதால் மஞ்சள் எறும்புக்குச் சிங்கப்பூர் முகவரி. 2022-ல் இதே பெங்களூரின் ஏட்ரீ நிறுவனத்துக்காரர்கள் அருணாசலத்தின் சியாங் பள்ளத்தாக்குக்குப் போனார்கள். நீல நிறத்தில் மின்னும் பாராபாராட்ரெக்கினா நீலா என்ற எறும்பு 2024-ல் உலகத்துக்குக் கிடைத்தது. ஹிமேந்தர் பார்தியும் மற்றவர்களும் 2016-ல் வெளியிட்ட பட்டியல்படி இந்தியாவில் 828 எறும்பு இனங்களும் துணை இனங்களும், 100 பேரினங்களில். மாநில வாரியாகப் பிரித்திருக்கிறார்கள். அந்த அட்டவணையில் ஒரு மாநிலத்துக்கு எறும்பு குறைவாக இருந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது அங்கே எறும்பு பார்ப்பவர்கள் எத்தனை பேர் என்பதைத்தான்.

ஹெப்பாள்

கடைசியாக ஹெப்பாளைத் தாண்டி ஜி.கே.வி.கே. வேளாண் பல்கலைக்கழக வளாகம். 1990 ஆகஸ்டில் சமூகப் பூச்சிகளுக்கான உலக மாநாடு நடந்தபோது உலகத்தின் எறும்புக்காரர்கள் எல்லாம் கூடியது பெங்களூரில்தான். இந்தப் பக்கம் வீரேஷ், முஸ்தக் அலி போன்றவர்கள் வளர்த்த பரம்பரை அது. அஜய் நரேந்திராவும் சுனில் குமாரும் 2006-ல் கொண்டுவந்த தீபகற்ப இந்திய எறும்புக் கையேடுதான் என் போன்ற கற்றுக்குட்டிகளுக்கு அரிச்சுவடி.

பழக்கமான ஆய்வாளர் ஒருவர் ஒரு மரப்பெட்டி இழுப்பறையை இழுத்துக் காட்டினார். அந்துருண்டை வாசம். ஊசி ஊசியாக நிற்கின்றன. ஊசியில் எறும்பு இல்லை. முக்கோணமாக வெட்டிய சின்ன அட்டையின் கூர்முனை வளைத்து, அதில் ஒரு துளி பசை, பசையில் எறும்பின் மார்பு. கீழே நகத்தளவு காகிதத்தில் மாநிலம், இடம், உயரம், தேதி, பிடித்தவர் பெயர். இந்தக் காகிதம் விழுந்துவிட்டால் எறும்பைக் குப்பையில் போடலாம் என்றார். இனம் எது என்று இன்னொருவர் எப்போது வேண்டுமானாலும் கண்டுபிடித்துக்கொள்வார். எங்கே கிடைத்தது என்பதைப் பிடித்தவர் மட்டும்தான் சொல்ல முடியும்.

என் குப்பியைக் கொடுத்தேன். ஒன்றை எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தார். என்னைப் பார்க்கச் சொல்லி ஒவ்வொன்றாகக் காட்டினார். உணர்கொம்பில் 11 கணுக்கள். அதன் முதல் தண்டு தலையின் பின்விளிம்பைத் தாண்டி அதற்கு மேலும் பாதி நீண்டிருந்தது. கண் பெரிது, புடைத்தது. வயிற்று நுனியில் கொடுக்கு இல்லை, அமிலம் பீச்சும் வட்டத் துளை, அதைச் சுற்றி மயிர் வளையம். "கிராசிலிப்பெஸ்தான்" என்றார். "நம்ம வளாகத்துலயே நிறைய இருக்கு. இங்க யாரையும் தொந்தரவு பண்றதில்ல."

பிறகு சீட்டு எழுத ஆரம்பித்தார். "பேனால எழுதக் கூடாது சார், ஸ்பிரிட்ல மை கரைஞ்சிடும்" என்று பென்சில் எடுத்தார். இந்தியா, கர்நாடகா, பெங்களூர் நகர மாவட்டம்.

"இடம்?"

"பொம்மசந்திரா."

"எதுல இருந்தது?"

"வாழைக்கன்றுல. பூஜைக்குக் கேட்டுல கட்டினது."

பென்சில் நின்றது. "கன்று எங்கேருந்து வந்துச்சு?"

அத்திபெலேயில் பேருந்துக்கு முன்னால் போன லாரியைச் சொன்னேன். இந்தக் கன்று அந்த லாரியில் வந்ததுதானா என்று கேட்டார். எப்படிச் சொல்வது? எங்கள் அடிவாரத்திலிருந்துகூட வாழை வெளியூர் போகிறது என்றேன். அவர் சிரித்துவிட்டு, பொம்மசந்திரா என்று எழுதினார். கீழே, வெட்டிய வாழைக்கன்றில், வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டது, புறப்பட்ட இடம் தெரியாது என்று எழுத முயன்றார். சீட்டில் இடம் போதவில்லை. இன்னொரு சீட்டு வெட்டினார்.